பரிவட்டம் வரைந்தவர்

என் அக்கா ரோகிணியைக் கட்டிக்கொடுத்த வீடு காளவாசலில் இருக்கிறது. அந்த வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் சுவரில் இருக்கும் தாத்தாவைக் கும்பிட வேண்டும். தண்ணீர், காபி, நலம் விசாரிப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். சொந்த ஊர் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆளுயர ஆயில் பெயிண்டிங். தாத்தா நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். கறுப்புக் கோட்டு, முறுக்கு மீசை, கையில் வெள்ளிப்பூண் போட்ட தடி. தலையில் சரிகை வைத்த சிவப்புப் பட்டுப் பரிவட்டம். தடியைப் பிடித்திருக்கும் கையின் சுண்டுவிரல் மட்டும் கொக்கி மாதிரி உள்பக்கம் வளைந்திருக்கும்.

அந்த விரலுக்கு ஒரு வரலாறு உண்டு. என் மச்சான் விருமாண்டி வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அதைச் சொல்லுவார்.

"வெள்ளக்கார கலெக்டரு எங்க பாட்டனுக்குக் கை குடுத்தான் மாப்ள. குடுத்தவன் திமிருல ஒரு நெரி நெரிச்சான். பாட்டன் திருப்பி நெரிச்சதுல அவனுக்கு மூணு விரலு போச்சு. பாட்டனுக்கு இது ஒண்ணுதான்."

நான் இந்தக் கதையை முதலில் கேட்டபோது கலெக்டருக்கு ஒரு விரல்தான் போயிருந்தது. வருஷா வருஷம் பாவம், அந்த மனுஷனுக்குச் சேதாரம் கூடிக்கொண்டே போகிறது.

மச்சானுக்கு எல்லாம் இருக்கிறது. திருமங்கலம் தாண்டிச் சொந்த ஊரில் நஞ்சை இருக்கிறது. நாலுவழிச் சாலையோரம் பிளாட் போட்டு விற்ற இடத்தில் அவர் பேரில் ஒரு நகரே இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். ஊர் அய்யனார் கோயிலில் முதல் மரியாதை. மாசித் திருவிழாவன்று பூசாரி யார் தலையில் முதலில் பட்டுத்துணி கட்டுகிறாரோ, அவர்தான் அந்த ஊருக்குப் பெரிய மனுஷன். அந்தப் பரிவட்டம் தனக்கு என்று மச்சானும், இல்லை தனக்குத்தான் என்று அவருடைய பங்காளி பேயாண்டியும் மல்லுக்கு நிற்கிறார்கள். ஊரில் இரண்டு பேர் வீடும் ஒரே தெருவில். ஆனால் பாட்டன் காலத்திலிருந்து ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுப் படியை மிதித்ததில்லை. சாவு விழுந்தால்கூடத் தெருவில் நின்று அழுதுவிட்டுப் போய்விடுவார்கள். சண்டை முற்றிப்போய், சில வருஷமாகப் பூசாரி யாருக்கும் வேண்டாம் என்று அய்யனாரின் குதிரைக்குக் கட்டிவிடுகிறார். குதிரை அதைப் பற்றி இதுவரை யாரிடமும் பீற்றிக்கொண்டதில்லை.

போன தை மாதம் ஊர்க்கூட்டத்தில் மச்சான் தன் துருப்புச்சீட்டை இறக்கினார். படத்தில் தலைப் பக்கத்தை மட்டும் செல்போனில் எடுத்துக் காட்டி, "எங்க பாட்டன் தலையில என்ன இருக்குன்னு பாருங்க" என்றார். கூட்டம் ஆடிப்போனது. பேயாண்டி மட்டும் அசரவில்லை.

"யாரு வரஞ்சதுன்னு கேளுங்க. போன மாசம் பிளக்ஸ்காரன்ட்ட குடுத்து வரஞ்சு வாங்கியிருப்பாரு."

கூட்டத்தை நடத்திய பெரியவர் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். படத்தில் பரிவட்டம் கட்டியிருந்தால் அந்த வம்சத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் வரைந்தவன் பெயர் தெரிந்தாக வேண்டும். திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வரை தவணை.

மச்சான் நேராக என்னிடம் வந்தார். நான் அரசுப் பள்ளியில் ட்ராயிங் மாஸ்டர். பெயர் அருள்பாண்டி. இருபது வருஷமாக மாம்பழமும் பூச்சாடியும் வரையச் சொல்லிக்கொடுத்து வருகிறேன்.

"நீ படிச்ச படிப்புக்கு இன்னிக்குத்தான் மாப்ள வேல வந்திருக்கு. எவன் வரஞ்சான்னு கண்டுபிடி. அரண்மனை ஓவியனா இருந்தா நல்லாருக்கும்."

"யாரா இருக்காரோ அவராத்தான் மச்சான் இருப்பாரு."

"அதான் சொல்றேன். அரண்மனை ஓவியனாத்தான் இருப்பான்."

முதலில் விஸ்வேஸ்வரன் சாரிடம் போனோம். ஓய்வு பெற்ற பேராசிரியர். கலை வரலாற்றில் கரை கண்டவர் என்று அவரே சொல்லுவார். அக்கா வீட்டு ஹாலுக்கு வந்து, தாத்தாவைக் கும்பிட்டு, காபி குடித்துவிட்டு, படத்துக்கு முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுகிறது, ஆகவே இது அரண்மனை ஓவியம் என்றார். அரண்மனைக்கு வலப்பக்கம் ஜன்னல் இருக்காதா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் மறுபடி மாம்பழம் வரையப் போயிருக்க வேண்டும். எந்த அரண்மனை என்பதற்கு இன்னும் ஆராய்ச்சி தேவை, போக்குவரத்துச் செலவு ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சானுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. படத்தை மறுபடி மறுபடி பார்த்தேன். உடம்பு ஒரு கை, முகம் வேறொரு கை என்கிற மாதிரி இருந்தது. கோட்டின் மடிப்பு, விரல் நகம், தடியின் பூண் எல்லாம் ஆற அமர வரைந்தவை. முகத்தில் மட்டும் ஒரு அவசரம், பஸ்ஸுக்கு நேரமானவன் வரைந்தது போல. படத்தைப் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, இது என் மச்சான் வீட்டுப் படம், யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். அன்று முழுக்கப் பதினாறு பேர் கும்பிடு போட்டார்கள், ஒருவர் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் கணக்கு டீச்சர் தாமரைச்செல்வி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், எங்க பூட்டன் உங்க மச்சான் வீட்டுல என்ன பண்றாரு?"

எனக்குப் புரியவில்லை.

"மொகம் வேற யாரோ. ஆனா கழுத்துக்குக் கீழ எங்க பூட்டன்தான். அந்த நாக்காலி, அந்தக் கோட்டு, அந்த விரலு. வீட்டுக்கு வந்து பாருங்க."

தாமரைச்செல்விக்கும் மச்சானுடைய அதே ஊர்தான். ஆனால் ஊருக்குத் தெற்கே, காலனி. இப்போது குடும்பத்தோடு பரவையில் இருக்கிறார். சனிக்கிழமை போனேன். கூடத்துச் சுவரில் அதே படம் இருந்தது. இதில் முகத்துக்கும் உடம்புக்கும் பொருத்தம் இருந்தது. மீசையெல்லாம் முறுக்கு இல்லை. ஒல்லியான ஒரு மனுஷன், சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பேரு சோணை. நாடகத்துக்குச் சீன் படுதா எழுதுறவரு" என்றார் தாமரைச்செல்வி. "மழைக்காலத்துல நாடகம் இருக்காது. அப்ப கண்ணாடி முன்னாடி உக்காந்து தன் உடம்பையே வரைவாராம். தல இல்லாம அஞ்சாறு படம். கோட்டும் தடியும் நாடகக் கம்பெனியோடது. தை அறுப்பு முடிஞ்சு கையில காசு பொழங்குறப்ப படத்தச் சுருட்டிக்கிட்டு ஊரு ஊராப் போவாரு. பெரிய வீட்டுக்காரவுகள முன்னாடி உக்கார வச்சு ஒரே நாள்ல மொகத்த மட்டும் எழுதிக் குடுத்துருவாரு."

"வீட்டுக்குள்ள விட்டாங்களா?"

"எங்க சார் விட்டாக? வாசல்ல நின்னுதான் வரஞ்சிருக்காரு. படத்த மட்டும் உள்ள கொண்டுபோய் மாட்டியிருக்காக."

சொல்லிவிட்டுத் தன் வலது கையை நீட்டினார். சுண்டுவிரல் கொக்கி மாதிரி வளைந்திருந்தது. "எங்க வீட்டுல பாதிப் பேருக்கு இப்படித்தான். பொறவியே இப்படி. எந்தக் கலெக்டரும் நெரிக்கல." மச்சானின் கதை காலனி வரை போயிருக்கிறது.

பரிவட்டம் எதற்கு என்று கேட்டேன். அதைக் கேட்டிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது.

"ஆசதான். அந்தக் கோயில்ல எங்களுக்கு எங்க கட்டப்போறாக? வரஞ்சு கட்டிக்கிட்டாரு. மாதிரிக்கு அதயும் கொண்டுபோவாரு. அதப் பாத்துட்டு எல்லாரும் எனக்கும் அப்படியே வேணும்னு வாங்கியிருக்காக."

கிளம்பும்போது கேட்டார். "கூட்டத்துல பேரச் சொல்லுவீங்களா சார்?"

"சொல்றேன்."

"நானும் வாரேன். படத்தோட."

மச்சானிடம் முன்கூட்டியே சொல்லிப் பார்த்தேன். ஓவியர் பெயர் கிடைத்துவிட்டது, ஆனால் அரண்மனை இல்லை என்றேன். பெயர் கிடைத்ததை மட்டும் அவர் காதில் வாங்கிக்கொண்டு, கூட்டத்துக்கு மைக் செட் சொல்லப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் மந்தையில் கூட்டம். மச்சான் தாத்தாவை மாலையோடு மினிலாரியில் கொண்டுவந்து இறக்கினார். பேயாண்டி சிரித்துக்கொண்டே எழுந்தார். வேட்டி போட்டு மூடிய ஒரு பெரிய சட்டத்தை அவர் ஆட்கள் தூக்கி வந்து பக்கத்தில் வைத்தார்கள்.

"உங்க பாட்டனுக்கு மட்டுந்தான் கட்டுனாகளா? எங்க பாட்டனையும் பாருங்க" என்று வேட்டியை உருவினார்.

அதே நாற்காலி. அதே கோட்டு. அதே பரிவட்டம். அதே விரல். பேயாண்டி பாட்டனின் விரல் ஜல்லிக்கட்டுக் காளையின் கொம்பில் சிக்கி வளைந்ததாம். அதை அவர் பாதி சொல்லும்போதே அவருக்கே குரல் இறங்கிவிட்டது. ஒரே தெருவில் இருந்துகொண்டு, ஒருவர் வீட்டுச் சுவரை இன்னொருவர் பார்க்காமலே மூன்று தலைமுறையை ஓட்டியிருக்கிறார்கள்.

நான் மைக்கைப் பிடித்தேன். வரைந்தவர் பெயர் சோணை, தெற்குக் காலனிக்காரர், இரண்டு படத்திலும் முகம் மட்டும்தான் உங்களுடையது, உடம்பு அவருடையது என்று சொன்னேன். சொல்லி முடிக்கவும் ஆட்டோவிலிருந்து தாமரைச்செல்வி இறங்கவும் சரியாக இருந்தது. தன் படத்தை மூன்றாவதாக நடுவில் வைத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த சோணைக்கு இரண்டு பக்கமும் இரண்டு மீசைகள் முறைத்துக்கொண்டிருந்தன.

"படத்துல பரிவட்டம் இருந்து, வரஞ்சவரு பேரும் தெரிஞ்சா மரியாத உண்டுன்னு நீங்கதான் தீர்ப்பு சொன்னீங்க" என்றார் பெரியவரைப் பார்த்து. "எங்க பூட்டனுக்கும் இருக்கு. பேரும் தெரியும். எங்க வீட்டுக்கு எந்த வருஷம் கட்டுவீங்க?"

அவர் சத்தம் போடவில்லை. வகுப்பில் கணக்குக் கேட்பது போலத்தான் கேட்டார். யாரும் கை தூக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. மச்சான் பேயாண்டியைப் பார்த்தார். பேயாண்டி மச்சானைப் பார்த்தார். பாட்டன் காலத்திலிருந்து பேசாத இரண்டு வீடும் பேசுவதற்கு அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது. "அண்ணே, கொஞ்சம் இப்படி வாங்க" என்றார் பேயாண்டி. "சொல்லுப்பா" என்று மச்சான் எழுந்து போனார். வேப்பமரத்தடியில் தோளில் கைபோட்டுப் பேசினார்கள். பெரியவரையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். திரும்பி வந்ததும் பெரியவர் புதுத் தீர்ப்புச் சொன்னார். படம் வெறும் படம்தான், அதை ஆதாரமாக எடுக்க முடியாது. முதல் மரியாதை இந்த வருஷம் விருமாண்டிக்கு, அடுத்த வருஷம் பேயாண்டிக்கு. மற்றபடி பழைய வழக்கம் அப்படியே. ஊர் ஒற்றுமையாகிவிட்டது என்று கை தட்டினார்கள்.

தாமரைச்செல்வி படத்தை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். ஒருவர்கூட ஏற்றிவிட வரவில்லை. நான்தான் ஒரு பக்கம் பிடித்தேன்.

திருவிழாவில் மச்சானுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். அக்கா வீட்டு ஹாலில் தாத்தாவை இறக்கிவிட்டு, பரிவட்டத்தோடு மச்சானின் போட்டோவை மாட்டினார்கள். ஒரு வாரம் கழித்து மச்சான் என் வீட்டுக்கு வந்தார். கையில் புது ஆயில் கலர் பெட்டி, நல்ல பிரஷ்கள்.

"மாப்ள, அந்த டீச்சர்ட்ட நயமாப் பேசி, அந்தப் படத்துல இருக்குற பரிவட்டத்த மட்டும் சாதாத் தலப்பாவா மாத்திவிட்ரு. நாளைக்கு எவனாவது அதத் தூக்கிக்கிட்டு வந்து மறுபடி கேட்டா அசிங்கம் பாரு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வார்த்தை தடித்துவிட்டது.

"மாத்துறேன் மச்சான். ஆனா உங்க படத்துல கழுத்துக்குக் கீழ இருக்குறதெல்லாம் அவரு உடம்பு. அத வெட்டி அவுக வீட்டுல குடுத்துருவோம். தலைய மட்டும் நீங்க வச்சுக்கிறீங்களா?"

மச்சான் எழுந்துவிட்டார். காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். பெட்டியை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அந்த வாரமே பெட்டியை எடுத்துக்கொண்டு பரவைக்குப் போனேன். மச்சான் சொன்னதை மறைக்காமல் தாமரைச்செல்வியிடம் சொன்னேன். அவர் படத்தின் பரிவட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"பட்டு ரொம்ப மங்கிப்போச்சு சார். வந்ததே வந்துட்டீங்க, கலரும் இருக்கு. கொஞ்சம் எடுப்பாத் தீட்டிவிடுங்க."

சட்டத்தைத் தரையில் சாய்த்து வைத்துக்கொண்டு, சிவப்பைக் குழைத்தேன். மச்சான் வாங்கினது நல்ல சிவப்பு. பட்டை மடிப்பு மடிப்பாகத் தீட்டி, சரிகைக்கு மஞ்சளும் வெள்ளையும் கலந்து இழுத்தேன். கீழே 'ஓவியர் சோணை, அமர்ந்திருப்பவரும் அவரே' என்று எழுதினேன். எழுந்து நின்று பார்த்தபோது என்னையறியாமல் கும்பிட்டுவிட்டேன். அக்கா வீட்டில் இத்தனை வருஷம் கும்பிட்டதில் பாதி இவருக்குத்தான் வந்து சேர்ந்திருக்கும் என்றார் தாமரைச்செல்வி. பிறகு காபி போட உள்ளே போனார்.