பெய்ஷென் வீட்டுக் கண்ணாடி

“சுத்தியலைக் குடுடி, மரம் மாதிரி நிக்காதே.”

சைரா அத்தை முக்காலிமேல் ஏறி, அலமாரிக் கண்ணாடியை மறைத்துக் கறுப்புச் சால்வையை ஆணியடித்து மாட்டப் பிடித்துக்கொண்டிருந்தாள். சாவு விழுந்த வீட்டில் கண்ணாடியை மூடியாக வேண்டும். வெளியே முற்றத்தில் போட்ட கம்பளிக் கூடாரத்துக்குள் அத்தையின் அண்ணன் பெய்ஷென் கிடந்தார். கூடார வாசலில் ஆண்கள் கோலூன்றிக் குனிந்து அழ, உள்ளே பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பெய்ஷெனின் மகள் சிர்கா சுத்தியலை நீட்டினாள். இதே கண்ணாடியை மூடியிருந்த துணியை இன்று காலையில் இறக்கியவளும் இதே அத்தைதான்.

முப்பது வருஷம் மலைப்பாதையில் லாரி ஓட்டியவர் அப்பா. போன இலையுதிர் காலத்தில் சொந்த முகமே அவருக்கு மறந்துபோனது. கண்ணாடிக்குள் ஒரு திருட்டுக் கிழவன் வந்துவிட்டான். “பாரு, என் தொப்பியையே போட்டுக்கிட்டு நிக்கிறான்!” என்று கத்துவார். அவன் தின்றுவிடுவான் என்று ரொட்டியைப் பூட்ஸுக்குள் ஒளித்து வைப்பார். அவன் பார்க்கிறான் என்று குளிக்க மாட்டார்.

“அது நீங்கதாம்ப்பா” என்று சிர்கா நூறு தடவை சொல்லியிருப்பாள். “நீயும் அவனோட கூட்டா?” என்று கைத்தடியால் அவள் மணிக்கட்டில் போட்டார். மாட்டுக்கொட்டிலில் போய் அழுதாள். இந்த மனுஷன் போய்ச் சேர்ந்தால் தேவலை என்றுகூட ஒருநாள் நினைத்தாள். அந்த நினைப்புதான் இன்று காலையிலிருந்து நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

மருத்துவமனை நர்ஸ்தான் வழி சொன்னாள். “அவர்கிட்ட வாதாடி ஜெயிக்க முடியாதும்மா. அவர் பேச்சுக்குப் பதில் சொல்லாதே, பயத்துக்குச் சொல்லு. பக்கத்துல உக்காரு, கையைப் பிடி, எது கேட்டா மனசு ஆறுமோ அதைச் சொல்லு. கண்ணாடியையும் மூடிப் பாரு.”

மூடினாள். “கிழவனை பஸ் ஏத்தி அனுப்பிட்டேம்ப்பா” என்றாள். மூன்று வாரம் அப்பா சாப்பிட்டார், தூங்கினார். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? யாரோ போன் போட, தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து அத்தை நேற்று சாயங்காலம் வந்து இறங்கினாள்.

“உசிரோட இருக்கிற மனுஷன் வீட்ல கண்ணாடியை மூடுவாங்களாடி? சாவைக் கூப்பிட்டு உக்கார வைக்கிறியா?”

சிர்கா எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். அத்தையும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். காலையில் சிர்கா கதவுக்குக் கொக்கி போட்டுவிட்டுப் பால் கறக்கப் போன நேரம் பார்த்து, அத்தை துணியை இறக்கி மடித்து வைத்துவிட்டாள். அண்ணன்மேல் உள்ள பாசத்தில்தான் செய்தாள்.

பால் வாளியோடு திரும்பியபோது கொக்கி கழன்று கதவு விரியத் திறந்து கிடந்தது. கண்ணாடியில் விரிசல், அதன் கீழே கைத்தடி. அத்தை அடுப்படியில் மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். பனியில் வெறுங்கால் தடம் வைக்கோல் போரைத் தாண்டிப் போனது. வாய்க்கால் ஓரத்தில் அப்பா சுருண்டு கிடந்தார். உடம்பு விறைத்துப் போயிருந்தது. கையில் கெட்டியாகப் பிடித்த ஒரு துண்டு ரொட்டி.

அத்தை முக்காலியிலிருந்து இறங்கினாள். சால்வைக்கு மேலாகவே விரிசலைத் தடவிப் பார்த்தாள்.

“ஏதோ உடைஞ்ச சத்தம் கேட்டுச்சுடி. பூனைன்னு நெனைச்சேன்.”

சிர்கா முக்காலியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“அண்ணன் எதுக்குடி ஓடினாரு? நான்... இந்தத் துணியை...”

உங்களாலதான் என்ற சொல் சிர்காவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. காலையிலிருந்து அதைத்தான் மென்றுகொண்டிருந்தாள். ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும் என்றிருந்தது. அத்தையின் கண்கள் அங்குமிங்கும் அலைந்தன. கண்ணாடி முன்னால் அப்பாவின் கண்களும் இப்படித்தான் அலையும்.

சிர்கா தரையில் உட்கார்ந்து, அத்தையையும் இழுத்து உட்கார வைத்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கதவு அத்தே. நான்தான் கொக்கி போட மறந்துட்டேன்.”

“போடலியா?”

“போடல.”

“கண்ணாடி?”

“அது போன மாசமே உடைஞ்சது.”

அத்தை நீளமாக மூச்சு விட்டாள். “கொஞ்சம் டீ குடுடி. காலையிலேருந்து தொண்டை நனையல.” இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடாரத்துக்குப் போனாள்.

சிர்கா கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுப் பின்னாலேயே போனாள். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து இறங்கினார்கள். வாசலில் ஆண்கள் ஓலமிட, அத்தை குரலெடுத்தாள்.

“முப்பது வருசம் மலையேறி
வழி தவறாத எங்கண்ணா,
கொக்கி போடாத கதவொண்ணு
கொண்டு போச்சே எங்கண்ணா!”

பெண்களின் தலைகள் ஒவ்வொன்றாக சிர்காவின் பக்கம் திரும்பின. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

அத்தை விட்ட இடத்திலிருந்து மகள் எடுத்துப் பாட வேண்டும். சிர்கா வழக்கப்படி கம்பளிச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.