மடிப்பின் மேல் ஒரு சிவப்பு முத்திரை

கனடாவில், ஸ்காபரோவின் மோர்னிங்சைட் பக்கத்தில் எந்தத் தமிழ் வீட்டுக்கு அரசாங்கக் கடிதம் வந்தாலும் அது சனிக்கிழமை காலையில் பஸ்ரியனின் மேசைக்கு வந்து சேரும். தாய் தகப்பனைக் கூப்பிடுகிற ஸ்பொன்சர் படிவம், அகதி வழக்கு, பிள்ளைக் காசு, எதுவென்றாலும் மனிதர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டு நிரப்பிக் கொடுப்பார். ஒரு சதம் வாங்கமாட்டார். 'மாஸ்டர்' என்று கூப்பிட்டால் போதும், உச்சி குளிர்ந்துவிடும். ஊரில் அவர் ஒருநாளும் படிப்பித்தவர் அல்ல. கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். இங்கே கார் கதவுக்குப் பிடி பூட்டுகிற தொழிற்சாலையில் வேலை.

அந்த வீட்டில் உண்மையாகப் படிப்பித்தது அவருடைய மனைவி செலீன். அவளை எல்லாரும் 'மாஸ்டரின்ரை மிஸிஸ்' என்றார்கள்.

யாழ்ப்பாணத்துக் கன்னியர்மடப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம் கணக்குப் படிப்பித்தவள் செலீன். மதர்மார் எங்கெங்கோ எழுதி அவளுக்கு ஒரு புலமைப்பரிசில் எடுத்துக் கொடுத்தார்கள். லண்டனோ அமெரிக்காவோ என்று ஊர் காது கொடுத்துக் கேட்க, அவள் போனது கொரியாவுக்கு. சியோலில் ஒரு பல்கலைக்கழகம். அதற்குள் கல்வியியலுக்கென்று ஒரு பட்டமேற்படிப்புப் பள்ளி. பகலில் படிப்பித்துக் களைத்த ஆசிரியர்கள் பின்னேரம் சோக்குத்தூள் படிந்த கைகளோடு அங்கே மாணவர்களாக வந்து உட்காருவார்கள். செலீன் குளிருக்குப் பயந்து ஹீற்றருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, ஐந்து தவணை, அவர்களோடு அவர்கள் பாஷையிலேயே படித்தாள். பின்னக் கணக்கில் பிள்ளைகள் விடும் பிழைகளைப் பற்றி ஆய்வேடு எழுதினாள். பிழை இரண்டு வகை என்பது அவளுடைய வாதம். ஒன்று தெரியாமல் விடுவது, மற்றது கவனக்குறைவால் விடுவது. எது எதுவென்று பிரித்தறியத் தெரியாத ஆசிரியர் பிள்ளையைச் சும்மா அடித்துக்கொண்டிருப்பார் என்று எழுதியிருந்தாள். பேராசிரியர் அந்த வரிக்கு அடியில் கோடு போட்டு 'நன்று' என்று எழுதினார்.

பிறகு கலியாணம், ஸ்காபரோ, டோனட் கடை. நாலு வருடம் பெட்டி பெட்டியாக டோனட் அடுக்கினாள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு வைகாசியில்தான் கதவு கொஞ்சம் திறந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பெற்றோர் கூட்டமொன்றில் மொழிபெயர்க்கப் போனாள். கூட்டம் முடிந்ததும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்குப் பின்னத்தைக் கடதாசி மடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அதிபர் அம்மா கதவடியில் நின்று கனநேரம் பார்த்தார். புரட்டாதியில் நாலாம் வகுப்புக்கு ஓர் இடம் இருக்கிறது, ஆவணி பதினைந்துக்குள் ஆசிரியர் லைசென்ஸ் கொண்டுவந்தால் அது உனக்கு என்றார். செலீன் வீடுவரைக்கும் பஸ் எடுக்காமல் நடந்தே போனாள். அவ்வளவு சந்தோசம்.

லைசென்ஸ் அலுவலகத்துக்கு எல்லாம் கொடுத்தாயிற்று. மிச்சம் ஒன்றே ஒன்றுதான், சியோலில் இருந்து பாடமும் புள்ளியும் எழுதிய பெறுபேற்றுப் பத்திரம். அங்கே காலை ஒன்பது மணியென்றால் இங்கே இரவு எட்டு என்று கணக்குப் பார்த்து, துருப்பிடித்த கொரிய மொழியில் போன் எடுத்தாள். மறுமுனையில் இருந்த அலுவலகப் பெண், "ஹீற்றரடியில் இருந்த ஸ்ரீலங்கா அக்காவா" என்று கேட்டபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு கிழமையில் வரும் என்றாள் அந்தப் பெண்.

"கொரியாவிலை இருந்து கடிதம் வந்தால் அப்பிடியே மேசையிலை வையுங்கோ" என்று செலீன் புருசனிடம் சொல்லிவைத்தாள். அவர் தலையாட்டினார்.

ஆவணி எட்டு, வியாழக்கிழமை. வேலை முடிந்து வந்தவளைப் பஸ்ரியன் வாசலிலேயே கண்ணை மூடச் சொன்னார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கண்ணைத் திறந்தால், சுவரில், இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே அவளுடைய பெறுபேற்றுப் பத்திரம் தொங்குகிறது. பளபளவென்று லமினேற் பண்ணி இருந்தது.

"பிளாசாக் கடையிலை குடுத்துச் செய்விச்சனான். இனித் தண்ணி பட்டாலும் ஒண்டும் ஆகாது" என்றார்.

"என்வலப் எங்கை?"

"குப்பையிலை போட்டிட்டன். ஏன்?"

செலீன் சப்பாத்துக் கழற்றாமலே கதிரையில் இருந்தாள். என்வலப் மடிப்பின் மேல் குத்திய முத்திரை உடையாமல் இருந்தால்தான் அலுவலகம் எடுக்கும் என்று சொன்னாள். பஸ்ரியன் தலையில் கைவைத்தார். "எனக்குத் தெரியாதப்பா. உம்மடை படிப்பை வாற ஆக்கள் பாக்கட்டும் எண்டு செய்தது."

அடுத்த நாள் லைசென்ஸ் அலுவலகத்துப் பெண் அந்தப் பிளாஸ்ரிக்கை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, மிக மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். சியோலுக்குப் போன் எடுத்தால் அங்கே விடுமுறை, கையெழுத்து வைக்கிற பேராசிரியர் வெளியூர், மறுபடி ஆறு கிழமை. அதிபர் அம்மா மனம் வருந்தினார். வருந்தியபடியே நாலாம் வகுப்பை வேறொருத்திக்குக் கொடுத்தார்.

செலீனுக்குக் கோபம் வந்தது, ஆனால் புருசன்மேல் வரவில்லை. பாவம், ஆசையில் செய்த மனிதர் என்று நினைத்தாள். தெரியாமல் விட்ட பிழைக்கு அடிக்கக்கூடாது என்று எழுதிப் பட்டம் வாங்கியவள் அல்லவா. அவர் முகம் வாடியிருக்கிறதே என்று நண்டுக்கறி வேறு சமைத்துக் கொடுத்தாள்.

பள்ளிக்கூட வேலையை நம்பி, டோனட் கடையில் சனிக்கிழமை ஷிப்றை அவள் முன்னமே விட்டுக்கொடுத்திருந்தாள். அதனால்தான் இந்த நாலு வருடத்தில் முதல் தடவையாக ஒரு சனிக்கிழமை காலை வீட்டில் இருந்தாள். குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

முன்னறையில் இரத்தினவேல் வந்திருந்தார், கீழ்மாடிக்காரர். தகப்பனின் ஸ்பொன்சருக்காக டொக்டர் என்வலப்பில் ஒட்டிக் கொடுத்த மருத்துவ அறிக்கை அவர் கையில்.

"மாஸ்டர், அப்பாவுக்கு நெஞ்சிலை ஏதும் இருக்கோ எண்டு ஒருக்கா உடைச்சுப் பாப்பமே?"

"தொடாதேங்கோ" என்றார் பஸ்ரியன். அவசரமே இல்லாத, பழக்கப்பட்ட குரல். "உதை நான் எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பன். முத்திரை குத்தி ஒட்டினது ஒட்டினபடி போகவேணும். ஒருக்கா உடைச்சால் அவங்களுக்கு அது வெறும் கடுதாசி. போன வருசம் அகஸ்ரின் உடைச்சுப்போட்டுப் பட்ட பாடு தெரியும்தானே?"

"ஓம் மாஸ்டர், நீங்கள் அப்பவே சொன்னனீங்கள்."

குசினியில் தேத்தண்ணிக் கோப்பை நிரம்பி வழிந்தது. செலீன் அதைத் துடைக்கவில்லை. முன்னறைக்கு வந்தாள். சுவரில் இருந்த பெறுபேற்றுப் பத்திரத்தைக் கழற்றி மேசையில், படிவங்களுக்கு நடுவில் போட்டாள். அதன்மேல் இரண்டு கோப்பைகளையும் கொண்டுவந்து வைத்தாள்.

இரத்தினவேல் பதறிப்போனார். "தங்கச்சி, உது உங்கடை சேர்ட்டிபிக்கற் எல்லே?"

"ஓம் அண்ணை. பயப்பிடாமல் குடியுங்கோ. தண்ணி பட்டாலும் ஒண்டும் ஆகாது."

பஸ்ரியன் நிமிரவில்லை. பேனை கடதாசியில் ஒரே இடத்தில் நின்றது. இரத்தினவேல் ஏதோ விளங்கியும் விளங்காமலும் தேத்தண்ணியை அவசரமாகக் குடித்துவிட்டு, என்வலப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

கதவு சாத்தியதும் செலீன் கேட்டாள். "மடிப்புக்கு மேலை சிவப்பு முத்திரை இருந்திருக்குமே. கண்டனீங்களோ?"

அவர் பேனையை மூடிவைத்து, "கண்டனான்" என்றார். பிறகு மேசையைப் பார்த்தபடி, "நீர் ரீச்சராப் போனால் என்னை ஆர் மாஸ்டர் எண்டு கூப்பிடுவினம்?" என்றார்.

ஐந்து தவணை படித்தும், பிழையில் இப்படி மூன்றாவது வகை ஒன்று இருக்கிறதென்று செலீனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நண்டுக்கறி சமைத்துக் கொடுத்த கைகளைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பஸ்ரியன் கோப்பையை எடுத்துவிட்டு, பிளாஸ்ரிக்கில் வட்டமாகப் படிந்திருந்த தேத்தண்ணியைச் சட்டைக் கையால் துடைத்தார். ஒரு கறையும் இல்லாமல் போய்விட்டது. சுவரில் திரும்பக் கொழுவ எழும்பினார்.

"வேண்டாம். இஞ்சையே கிடக்கட்டும்" என்றாள் செலீன். "மாஸ்டரைப் பாக்க வாற ஆக்களுக்குத் தேத்தண்ணி வைக்க உதவும்."

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் வந்தவர்கள் எல்லாரும் கோப்பையை அதன்மேல்தான் வைத்தார்கள்.