வாரம் ஒரு பக்கம்

எங்கள் தோட்டக் காலனியில் பல வருடங்களாக நிலவிய சுதந்திரத்துக்குக் காரணம் அரசியல் சட்டம் அல்ல; மஞ்சள் மை. அது அடிக்கடி தீர்ந்துபோகும்.

காலனியின் பெயர் ‘மனமகிழ்ச்சி’. ரயில் பாதைக்கும், புல் முளைத்துப்போன பழைய நிலக்கரிக் குவியலுக்கும் நடுவில் ஆளுக்கொரு துண்டு நிலம், ஒரு மரக்குடில், ஒரு செடிவேலி. நிலம் நகராட்சியுடையது, எங்களுக்குக் குத்தகை. மூன்றில் ஒரு பங்கில் காயோ கனியோ விளைய வேண்டும். வேலி இடுப்பைத் தாண்டக் கூடாது. மத்தியான வேளையில் புல்வெட்டும் இயந்திரம் ஓடக் கூடாது. பெரிதாக வளரும் மரங்கள், குறிப்பாக அக்ரூட், கூடவே கூடாது. மீறினால் எழுத்தில் ஒரு எச்சரிக்கை. அதே குற்றத்துக்கு இரண்டாவது எச்சரிக்கையும் வந்துவிட்டால் குத்தகை ரத்து. எழுத்தில் என்பதுதான் முக்கியம். வாயால் சொன்னதெல்லாம் ஜெர்மனியில் எங்கள் ரூர் பக்கத்தில் வானிலை மாதிரி, கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம்.

எச்சரிக்கை எழுத வேண்டியவர் தலைவர் எக்கார்ட் நோல்டெமயர். ஓய்வு பெறும்வரை வண்டி நிறுத்துமிடங்களில் கட்டணம் வசூலிக்கும் பிரிவின் துணைப் பொறுப்பாளர். தன்னை ‘நான்’ என்று சொல்லிக்கொள்வதை அந்தக் காலத்திலேயே விட்டுவிட்டார். “நிர்வாகத்துக்கு இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு சாலட்” என்று கோடை விருந்தில் தட்டை நீட்டியதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

நிர்வாகத்தின் மனதில் எச்சரிக்கைகள் பொங்கி வழிந்தன. கையில்தான் மை இல்லை. கடிதத் தலைப்பில் காலனியின் சின்னமான சூரியகாந்தி வண்ணத்தில் பூத்தாக வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் வீட்டு பிரிண்டரோ, மஞ்சள் தீர்ந்தால் கறுப்பிலும் ஒரு எழுத்து அடிக்கமாட்டேன் என்று படுத்துக்கொள்ளும் ஜாதி. புதிய கார்ட்ரிட்ஜ்களின் விலைக்கு அநேகமாக இன்னொரு பிரிண்டரே வாங்கலாம். ஆண்டுக் கூட்டத்துக்கு அழைப்பிதழ் அடித்தால் அந்த வருடத்து மஞ்சள் முடிந்தது. அந்த நிழலில் நாங்கள் வேலியை மார்பளவு வளர்த்தோம். தக்காளிச் செடி ஒன்றை வைத்துவிட்டு மிச்ச இடத்தில் ஊஞ்சல் போட்டோம்.

ரோஸ்விதா பகுல்லாவின் நிலத்தில் ஒரு அக்ரூட் மரமே நின்றது. டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள். நாலாவது மாடியில், நெடுஞ்சாலையைப் பார்த்தபடி, பால்கனி இல்லாத வீடு. ஏப்ரலில் தோட்டத்துக்கு வந்தால் அக்டோபரில்தான் திரும்புவாள். மரத்தைப் பற்றி யாராவது கேட்டால், “நான் எங்க நட்டேன்? ஏதோ பறவை போட்டுட்டுப் போச்சு. வந்தவங்கள விரட்டுற பழக்கம் எங்க வீட்ல இல்ல” என்பாள்.

பிப்ரவரி ஆண்டுக் கூட்டத்தில் பொருளாளர் வில்ஃப்ரீட் கிராபோஷ் கணக்கு வாசித்தார். பால் வாங்குவதற்கே மூன்று கடையில் விலை பார்க்கும் மனிதர். காலனியில் அவரை வில்லி என்போம். மை வாங்கிய செலவு, கோடை விருந்துக்கு பீர் வாங்கிய செலவைத் தாண்டிவிட்டது என்றார்.

கூடம் கொதித்தது. பீரை எதுவும் தாண்டலாகாது.

“இது அநியாயம்!” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். “மை சிக்கனமா இருக்குற பிரிண்டரா ஒண்ணு வாங்கித் தொலைங்கய்யா!”

“நிர்வாகம் இந்தக் கோரிக்கையை உணர்ச்சிப்பெருக்கோட வரவேற்குது” என்றார் நோல்டெமயர். உண்மையிலேயே அவர் கண் கலங்கியிருந்தது.

ரோஸ்விதா எழுந்தாள். “கொஞ்சம் யோசிங்கப்பா. சிங்கத்துக்குப் பல்லு வலின்னா, பல் டாக்டருக்கு நாமளா வசூல் பண்றது?”

எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே கை தூக்கினோம். எதிர்ப்பு ஒன்று. ஆதரவு மற்ற எல்லோரும், நான் உட்பட.

எங்கள் சங்க விதிப்படி எதை வாங்கினாலும் மூன்று விலைப்புள்ளிகள் வேண்டும், விறகுக் கோடாரியானாலும் சரி. வில்லி வேலையில் இறங்கினார். கடைகளுக்குப் போய்ச் சோதனைப் பக்கம் அடித்துக் கேட்டார். ஒரு பக்கத்துக்கு எவ்வளவு மை, ஒரு வருடத்துக்கு எத்தனை பக்கம், நாலு வருடத்தில் மொத்தம் என்ன ஆகும் என்று நுகர்வோர் பத்திரிகைகளைச் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் மனைவி அந்த மாதம் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டதாகப் பேச்சு.

மார்ச்சில் ஒரு நாள் ரோஸ்விதா அவரை வேலியோரம் பிடித்தாள். என் உருளைக்கிழங்குப் பாத்தி பக்கத்திலேயே இருந்ததால் எனக்கும் கேட்டது.

“வில்லி, எதை வாங்கப் போற?”

அவர் முகம் மலர்ந்தது. யாரும் கேட்காத கேள்வி. “மூணு வகை இருக்கு ரோஸி. ஒண்ணு, பெட்டி மலிவு, கார்ட்ரிட்ஜ் கொள்ளை. ரெண்டாவது, மாசச் சந்தா. மை தானா தபால்ல வரும். ஆனா எத்தனை பக்கம் அடிக்கிறோம்னு கம்பெனிக்காரன் பாத்துக்கிட்டே இருப்பான். மூணாவது, தொட்டி வச்சது. பாட்டில்ல மை வாங்கி நாமளே ஊத்திக்கலாம். பெட்டி விலை கூடதான். ஆனா அப்புறம் பக்கத்துக்கு ஒண்ணுமே ஆகாது, கிட்டத்தட்ட சும்மா!”

“முதல் வகைய வாங்கிக் குடு.”

“அது நாலு வருஷத்துல மூணு மடங்கு செலவு வைக்கும் ரோஸி.”

“அதான்யா வேணும்! அந்த ஆள் ஒவ்வொரு தாளுக்கும் பர்ஸத் தொட்டுப் பாக்கணும். அது ஒண்ணுதான் அவருக்கு மூக்கணாங்கயிறு. என் மரத்தைப் பாத்தேல்ல?”

வில்லி மரத்தைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். “கணக்குல பொய் எழுத எனக்கு வராதே.”

“பொய் எழுதுன்னு யாரு சொன்னா? கணக்கே போடாதங்கிறேன்.”

வில்லியின் முகம், கோவிலுக்குள் எச்சில் துப்பச் சொன்னது மாதிரி ஆகிவிட்டது. தொப்பியைத் தொட்டு விடைபெற்றுக்கொண்டு போனார்.

அவர் நல்லவர். ரோஸ்விதா மேல் அவருக்குத் தனிப் பிரியமும் உண்டு. ஆனால் இரண்டு எண்கள் எதிரெதிரே நின்றால் சிறியதைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது அவர் உடம்புக்கு ஆகாது. ஊரில் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. நாங்கள் அதை நேர்மை என்று கூப்பிடுவோம்.

சந்தா வகையைத் தலைவரே தள்ளிவிட்டார். “நிர்வாகம் எத்தனை பக்கம் அடிக்குதுன்னு வெளியாளுக்கு எதுக்குத் தெரியணும்?” தொட்டி வைத்த பிரிண்டர் அவர் வீட்டு வரவேற்பறையில், கல்யாணப் படத்தை நகர்த்திவிட்டு, அலமாரி மேல் ஏறியது. வில்லி நாலு நிறத்தையும் சிந்தாமல் ஊற்றினார். சூரியகாந்தி அப்பழுக்கில்லாமல் வெளியே வந்தது. பிறகு, எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர், கையேட்டில் படித்ததையும் சொல்லிக்கொடுத்தார்.

“ஒரு விஷயம் தலைவரே. சும்மா போட்டு வச்சா இதுக்கு மூக்கு அடைச்சுக்கும். மை காஞ்சு போகும். வாரத்துக்கு ஒரு பக்கமாவது அடிக்கணும்.”

“வாரம் ஒரு பக்கம்” என்று நோல்டெமயர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். மருந்துச் சீட்டைப் படிக்கும் குரல். “என்ன பக்கம்?”

“எதுவா இருந்தாலும் சரி.”

முதல் வாரம் வசந்த வாழ்த்து வந்தது. இரண்டாவது வாரம், குப்பையைப் பிரித்துப் போடுவது குறித்த நினைவூட்டல். மூன்றாவது வாரம் வேலி. யார் வேலி என்று குறிப்பிடாமல், ‘சில உறுப்பினர்கள்’ என்று. நாங்கள் சிரித்தோம், ஆளுக்கு ஆள் பக்கத்து வேலியைப் பார்த்துச் சிரித்தோம். மே மாதம் கடிதங்களில் பெயர் வந்தது, வாரம் ஒன்று என்பது நாலைந்தாகவும் ஆனது. அதற்குப் பிறகு சிரிப்பு குறைந்தது.

தலைவர் கெட்ட எண்ணத்தோடு செய்ததாகச் சொல்ல முடியாது. “எனக்கும் இதுல சந்தோஷம் இல்ல” என்று என்னிடமே சொன்னார். ‘எனக்கும்’ என்று அவர் சொன்னது அந்த ஒரு தடவைதான். “மெஷின் கெட்டுப்போகக் கூடாது பாருங்க. சங்கத்துச் சொத்து.” அந்த வாரம் அடிக்க ஏதுமில்லை என்றால் காலனியைச் சுற்றி நடப்பார், எழுத ஏதாவது கிடைக்கும்வரை. கிடைக்காமல் திரும்பியதில்லை. நாலு நிறமும் சமமாகத் தீரட்டும் என்று குற்றத்தின் புகைப்படத்தையும் வண்ணத்தில் சேர்த்தார். என் ஊஞ்சல் அவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வில்லிக்கும் வந்தது. குடிலின் கூரை, அனுமதித்ததைவிட ஒரு சாண் நீட்டம். தபால் பெட்டியிலிருந்து எடுத்தவர் முதலில் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அச்சு நல்லா வந்திருக்கு” என்றார். பிறகுதான் படித்தார்.

கோடை நடுவில், காலனியில் கடிதம் வாங்காத ஆள் இல்லை. முதல் எச்சரிக்கை என்பது ஒரு தாள்தான். வீட்டில் அலமாரிக்குள் இருக்கும். ஆனால் அது இருக்கிறது என்பது தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் நினைவுக்கு வரும். மத்தியானத்தில் குழந்தைகளை ‘உஷ்’ என்று அடக்கினோம். தலைவர் வேலியோரம் நடந்தால் குனிந்து முள்ளங்கியைத் தடவினோம். சாயங்காலம் ஒருவர் குடிலில் ஒருவர் உட்கார்ந்து பீர் குடிப்பது நின்றுபோனது. யார் எதைப் பார்த்து எங்கே சொல்வார்களோ. வில்லியின் கணக்கு மட்டும் துல்லியமாகப் பலித்தது. மைச் செலவு அடிமட்டத்துக்குப் போய்விட்டது.

ரோஸ்விதாவுக்கு ஜூனில் ஒன்று. அவள் அதில் கப்பல் செய்து மழைத்தொட்டியில் விட்டாள். ஆகஸ்டில் இரண்டாவது. செப்டம்பரில் நிர்வாகம் அவசரக் கூட்டம் கூட்டியது, குத்தகையை ரத்து செய்வதற்கு முன் உறுப்பினர்களின் கருத்தைக் கேட்பதற்காக. விதியில் அப்படி இருக்கிறது. கருத்து எதுவாக இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை.

“இதுக்கு யாராச்சும் ஆட்சேபம்?” என்றார் நோல்டெமயர்.

ரோஸ்விதா திரும்பி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். டிராமில் டிக்கெட் இல்லாதவனைக் கண்ணாடியில் கண்டுபிடிக்கும் பார்வை.

“ஏம்ப்பா, மரம் கூடாதுன்னு நெனைக்கிறவங்க யாரு? கைய தூக்குங்க, மூஞ்சியாவது பாக்குறேன்.”

ஒரு கையும் எழவில்லை.

“சரி. இருக்கட்டும்னு நெனைக்கிறவங்க?”

அதற்கும் எழவில்லை. கடைசியில் வில்லியின் முழங்கை மேசையைவிட்டுக் கொஞ்சம் மேலே வந்தது.

“திரு. கிராபோஷ்” என்றார் தலைவர், மிகவும் மென்மையாக. வில்லியை அவர் அப்படிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. “அந்தக் கூரை விஷயம் என்னாச்சு?”

முழங்கை இறங்கியது.

“அடப்பாவிகளா” என்றாள் ரோஸ்விதா. கோபமாகக்கூட இல்லை. “ஆளுக்கொரு தாளைக் குடுத்தே வாய அடைச்சுட்டாரு.” மேலங்கியை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

குத்தகைகள் எங்கள் பக்கத்தில் நவம்பரோடு முடியும். அடுத்தவருக்குக் கொடுக்கும்முன் நிலம் விதிப்படி இருக்க வேண்டும். நவம்பரில் ஒரு வாரத்துப் பக்கம் அறிவிப்புப் பலகைக்கு வந்தது: சனிக்கிழமை பொதுப்பணி, பகுல்லா நிலம், ரம்பம் உள்ளவர்கள் கொண்டுவரவும். பொதுப்பணி என்பது எங்களிடம் கட்டாயம். வராதவர்களுக்கு என்ன வரும் என்று எழுதவில்லை, தெரியும்.

எல்லோரும் வந்தோம். அவ்வளவு பேர் பொதுப்பணிக்கு வந்து நான் பார்த்ததில்லை. ரோஸ்விதா குடிலைக் காலி செய்துவிட்டு, மீதியிருந்த ஒரே நாற்காலியில், பாதையோரம் உட்கார்ந்திருந்தாள். நிலக்கரிக் குவியல் மேல் பனிமூட்டம்.

“ரோஸி, காபி ஏதாச்சும்...” என்று வில்லி ஃபிளாஸ்கை நீட்டினார்.

“நீ மரத்தப் பாரு வில்லி. அரைகுறையா வெட்டினா அதுக்கும் ஒரு தாள் வரும்.”

ரம்பம் அவர் கையில்தான் இருந்தது. காலனியிலேயே நல்ல ரம்பம், மூன்று கடையில் விசாரித்து வாங்கியது. கயிற்றை நாங்கள் இழுத்தோம். மரம் எங்கள் எல்லோரையும்விட ஒழுக்கமாக, சொன்ன பக்கமாகவே சாய்ந்தது. விழுந்த சத்தம் அடங்கியதும் அந்த இடத்தில் வானம் இவ்வளவு இருந்ததா என்று தோன்றியது. ரோஸ்விதா எழுந்து, நாற்காலியை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். நாங்கள் கிளைகளைப் பொறுக்குவதில் மும்முரமானோம்.

நோல்டெமயர் அடிக்கட்டை மேல் ஏறி நின்றார், வேலை சரியாக முடிந்ததா என்று பார்க்க. காலனியிலேயே மேடான நிலம் அது. மரம் நின்றவரை அங்கிருந்து பின்வரிசையில் எதுவும் தெரியாது. இப்போது எல்லாம் தெரிந்தது: எங்கள் கொல்லைகள், கூரை நீட்டல்கள், குடிலுக்குப் பின்னால் போட்ட குளியல் தொட்டி, பச்சைத் தார்ப்பாயின் கீழே மறைத்த சாமான்கள், நாங்கள் ஒருவருக்கொருவர்கூடச் சொல்லாதவை. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்து, நிதானமாகத் தலையைத் திருப்பிக்கொண்டே வந்தார்.

பனிமூட்டம் விலகிக்கொண்டிருந்தது.

“அது யாரோட தோட்டம்?” என்றார்.

நாங்கள் எல்லோரும் அவர் விரல் நீண்ட திசையைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.