பதினாறாவது நாற்காலி

பர் துபாயிலுள்ள அந்த ஹோட்டலில் ஊழியர் லிஃப்டில் ஏறுகிற எல்லோரும் சிவமலரின் சிரிப்பைப் பார்த்தபடிதான் மேலே போக வேண்டும். பெண்களைத் தலைமைக்கு உயர்த்தும் மூன்று நாள் பயிற்சிக்காக நிர்வாகம் ஒட்டிய போஸ்டரில் இருந்தது அவள் முகம். மண்டபத்தைத் தயார் செய்யும் வேலையும் அவளிடமே வந்தது. பதினைந்து நாற்காலி, பதினைந்து தண்ணீர் போத்தல், பதினைந்து பெயர் அட்டை. அட்டைகளை இரண்டு தடவை புரட்டினாள். அவள் பெயர் இல்லை.

இலங்கை மலையகத்திலிருந்து அறை துடைக்க வந்து பதினோரு வருடம். ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் வேலையை மூன்று வருடமாக அவள்தான் பார்க்கிறாள். காகிதத்தில் மட்டும் இன்னும் ‘ஆக்டிங்’, தற்காலிகம். இப்போது அந்தப் பதவிக்கு நிரந்தரமாக ஆள் போடப்போகிறார்கள், அதுவும் பயிற்சி முடித்தவர்களிலிருந்துதான். இந்த மூன்று நாளை விட்டால் வேறு ஒருத்தி வந்து உட்காருவாள். அவளுக்கும் சிவமலரே வேலை பழக்க வேண்டும்.

ஹெச்ஆர் அருணாவிடம் போய்க் கேட்டாள். கோயம்புத்தூர்ப் பெண், மரியாதையாகத்தான் பேசினாள். பயிற்சி டிகிரி படித்தவர்களுக்குத்தானாம். அடுத்த தடவை பார்க்கலாமாம்.

“அப்ப என் படம்?”

“அது போட்டோதானுங்க அக்கா.”

துணி அறையில் ருக்கையா தலையணை உறை மாட்டிக்கொண்டிருந்தாள். புத்தளத்துக்காரி, வந்து எட்டு மாதம். படுக்கை விரிப்பதிலிருந்து, கெஸ்ட் சத்தம் போட்டாலும் தலை குனியக் கூடாது என்பது வரை சிவமலர் பழக்கியவள். நடந்ததைக் கேட்டுவிட்டு உறையை ஓர் உதறு உதறினாள்.

“தல குனியாதண்டு எனக்கு மட்டுந்தானா மலரக்கா பாடம்?”

சுருக்கென்று தைத்தது. சிவமலர் அறை ஒதுக்கும் பலகையை எடுத்து ருக்கையாவின் கையில் திணித்தாள். நாளை அறை துடைக்கும் இருபத்திரண்டு பேருக்கும் மாடி பிரிப்பது நீதான் என்றாள். எந்த மாடியில் செக்-அவுட் அதிகம், யாருக்கு முதுகுவலி, யாருக்கு ஆசிட் வாடை ஆகாது, எந்த இருவரை ஒன்றாகப் போட்டால் சண்டை வரும் என்று அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை, லிஃப்டிலிருந்த போஸ்டரை ஓரம் கிழியாமல் உரித்தாள். முன்வரிசையில் பதினாறாவது நாற்காலியைப் போட்டாள். போஸ்டரை மடித்து, முகம் தெரிய மேசையில் பெயர் அட்டைபோல நிறுத்திவிட்டு, யூனிஃபார்மோடு உட்கார்ந்தாள்.

ரிசப்ஷன், அக்கவுண்ட்ஸ், சேல்ஸ் என்று மற்றவர்கள் வந்தார்கள். மணிலா, நைரோபி, கொச்சி என்று பல ஊர்ப் பெண்கள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. பயிற்சி நடத்த வந்த அம்மாள், ஒவ்வொருவரும் எத்தனை பேரை வழிநடத்துகிறீர்கள் என்று கேட்டாள். ஒருத்தி இரண்டு என்றாள், இன்னொருத்தி நான்கு. சிவமலர் இருபத்திரண்டு என்றாள்.

பத்தரைக்கு மேனேஜர் ஃபவாஸ் உள்ளே வந்தார். காயல்பட்டினத்துக்காரர். அவளைக் கண்டதும் நேரே வந்து குனிந்தார்.

“தொண்ணூறு ரூம் செக்-அவுட். மேல யாரு இருக்கா? யல்லா, எந்திரி.”

“ருக்கையா பாக்கிறா சார். நான் பழக்கின புள்ள.”

அவர் நம்பவில்லை. வாக்கி டாக்கியை அழுத்தி ருக்கையாவைக் கூப்பிட்டார்.

“நாலாம் மாடி முடியப் போகுது சேர். அஞ்சாவது ஓடுது. வேற என்ன வேணும்?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஃபவாஸின் காது சிவந்தது. வெளியே வா, பேசலாம் என்றார். சிவமலர் அசையவில்லை.

“நான் எழும்பினா இந்தப் படமும் என்னோட எழும்பும் சார். லிஃப்டுல ஒட்ட வேற மூஞ்சி தேடிக்கங்க.”

வாசலில் நின்ற அருணா தரையைப் பார்த்தாள். ஃபவாஸ் போஸ்டரைப் பார்த்தார், பிறகு பதினைந்து பெண்களையும் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாக்கி டாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியேறினார்.

போத்தல்கள் பதினைந்துதான் இருந்தன. நைரோபிக்காரி தன்னுடையதைச் சிவமலர் பக்கம் நகர்த்தினாள். வருகைத் தாள் சுற்றி வந்தது. பெயருக்குப் பக்கத்தில் பதவி என்றொரு கட்டம். சிவமலர் பேனாவை அழுத்தி எழுதினாள்: சூப்பர்வைசர். ‘ஆக்டிங்’ என்பதை அவள் எழுதவில்லை.