உப்புப் பார்த்தது சாப்பாட்டில் சேராது

திண்டுக்கல் பேகம்பூரில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் சேக் பரீது பாய்க்கு எதிர்வீட்டுக்காரன் நான். ஆகவே நான் சொல்வதில் பாதியாவது உண்மை. ஒன்பது மாதமாக அவர் முகம் பட்டாலே பால் திரிந்தது. வயிறு உப்பிக் கிடந்தது. புளித்த ஏப்பம் ஆயக்குடி கொய்யாத் தோப்பு வரை கேட்டது. இரவில் தூக்கம் இல்லை. அடுப்படியில் காரணமில்லாமல் கண் கலங்கும். யாராவது பார்த்துவிட்டால் வெங்காயத்தைத் திட்டுவார். பிறகு அதை உரித்தவரைத் திட்டுவார்.

பெரும்பங்கு திட்டு மனைவி ஜெய்தூன் பீவிக்குப் போனது. ஒருநாள் சோற்றுத்தட்டு பறந்தது. அன்றே ஜெய்தூன் பீவி பழனியில் இருக்கும் மகள் ரஃபியா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். வாசலில் நின்று அவர் சொன்னதைத் தெருவே கேட்டது.

"டாக்டருகிட்டப் போயி மனுசனா ஆனாக் கூப்பிடுங்க. இல்லையின்னா நான் இங்கிட்டு வரப் போறதில்ல."

ஐந்தாம் நாள் பாய் என் வீட்டுப் படியேறினார். "சார், வயித்துக்குப் பாக்குற டாக்டரம்மா ஒருத்தவுக இருக்காகளாமே. தொணைக்கு வாரீகளா?"

டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். ரத்தம் எடுத்தார். பிறகு ஒரு நோட்டைக் கொடுத்தார். "ரெண்டு வாரம். என்ன சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்கு, அப்ப மனசு எப்படி இருந்துச்சு. எதையும் விடாம எழுதணும்."

பாய்க்கும் பேனாவுக்கும் ஆகாது. முப்பத்திரண்டு வருடம் மின்வாரியத்தில் வீடுவீடாக மீட்டர் பார்த்தவன் நான் இருக்க அவருக்கு என்ன கவலை? சாயங்காலமானால் நோட்டோடு போய் உட்கார்ந்துவிடுவேன்.

"காலையில என்ன பாய்?"

"ஒண்ணுமில்ல."

"மத்தியானம்?"

"எங்க சார் நேரம்?"

"ராத்திரி?"

"ரெண்டு புரோட்டா. மனசு சரியில்ல."

பதினான்கு பக்கமும் இதேதான்.

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். "மொத்தம் இருபத்தெட்டு புரோட்டா. எடை தொண்ணூத்தி நாலு கிலோ. பாய், நீங்க காத்தைக் குடிச்சா வளருறீங்க?"

"எனக்கும் அதான் புரியல டாக்டர். எங்கடைப் பிரியாணிய நானே சாப்பிடுறதில்ல. சாரைக் கேளுங்க."

உண்மைதான். அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "ஒரு நாள் கடையில கூடவே இருந்து நீங்களே பாத்து எழுதுங்க சார்."

மறுநாள் விடிந்ததும் அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மசாலா பச்சை வாசனை போயிருச்சா என்று ஒரு கரண்டி. கறி வெந்திருச்சா என்று ஒரு துண்டு. நல்லி எப்படி என்று ஒரு உறிஞ்சல். அண்டா திறந்ததும் ஒரு கை, அடியில் ஒரு கை, இரண்டாவது அண்டாவில் மறுபடி முதலிலிருந்து. தால்சா. கறிக்குழம்பு. இடையிடையே டீ. மூன்று மணிக்கு என் பேனா மயங்கி விழுந்தது. அறுபத்தொரு வாய், பதினேழு டீ.

வாசித்துக் காட்டினேன். பாய் எகிறினார்.

"யோவ் சார், அது உப்புப் பாக்குறது! தொழிலு! அதைப் போயி சாப்பாட்டுல சேப்பீகளா? நீங்க மீட்டர் பாத்தீகளே, அம்புட்டு வீட்டுக் கரண்டும் உங்களுக்குள்ளயா ஓடுச்சு?"

"கரண்டை நான் முழுங்கலையே பாய்."

அவர் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். இத்தனை நாள் கூடவே இருந்த ஆளின் பேர் இன்றுதான் தெரிந்ததுபோல ஒரு பார்வை.

நோட்டைப் பார்த்த டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "வயித்துக்கும் மூளைக்கும் நேர் லைன் இருக்கு பாய். சேதி ரெண்டு பக்கமும் போகும். நாள் பூரா உப்பும் கொழுப்பும் டீயும். உக்காந்து ஒரு வேளைச் சாப்பாடு இல்ல. குடல்ல இருக்குற நல்ல கிருமிகளுக்கு என்னதான் கிடைக்கும்? ஆனா, மனசு இப்படி இருக்க இது மட்டுந்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். மனநல டாக்டரையும் பாருங்க. நேரத்துக்கு மூணு வேளை, கீரை, பயறு, மோர், பழம். உப்புப் பாக்கறதை வேற ஆள்கிட்ட விட்டுருங்க."

பாய் கீரைக்குத் தலையாட்டினார். மனநல டாக்டருக்கும் ஆட்டினார். கடைசி வார்த்தையில் தலை நின்றுவிட்டது.

"நாக்கக் குடுத்துட்டு நான் கடையில எதுக்கு சார்?"

மூன்று நாள் ஆள் தேடினார். ஒருவருக்கு வெற்றிலை நாக்கு, ஒருவருக்குப் பீடி நாக்கு, இன்னொருவருக்குப் புளிப்பு நாக்கு. திண்டுக்கல்லின் இரண்டு லட்சம் நாக்குகளையும் தள்ளிவிட்டார். மிஞ்சியது ஒன்று. கடை திறந்த நாளிலிருந்து மசாலா அரைப்பது ஜெய்தூன் பீவியின் கையளவில்தான். ஆனால் உப்புச் சரியா என்று பாய் அவரிடம் ஒருதரம்கூடக் கேட்டதில்லை.

என் வீட்டில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"இந்தாம்மா... உப்புப் பாக்க ஒரு ஆளு வேணும்."

"ஆளு வேணுமா, நான் வேணுமா?"

பழனிக்குப் போன பஸ் திரும்பி வரும் வரை பாய் என் வீட்டுக் காலண்டரைப் படித்தார்.

"நீதான்."

"டாக்டரு என்ன சொன்னாக?"

பாய் நோட்டை என் கையில் திணித்தார். வாசித்தேன். நாற்பதாவது வாயில் ஜெய்தூன் பீவி குறுக்கிட்டார். "போதும் சார். எம் மனுசன் பட்டினியாக் கெடந்து உழைக்கிறாருன்னு முப்பது வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேனே!" மூக்கைச் சிந்திவிட்டு, "நாளைக்கு வாரேன். நான் கம்மின்னா கம்மி, கூடன்னா கூட. எதுத்துப் பேசுனா அடுத்த பஸ்ஸு" என்றார்.

மறுநாள் காலை கைப்பையைக் கல்லாப்பெட்டி ஓரம் வைத்துவிட்டு நேராக அடுப்படிக்கு வந்தார். உலை கொதித்தது. அரிசி இன்னும் போடவில்லை. கரண்டியில் எடுத்து, உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நாக்கில் வைத்தார்.

"கம்மி."

வெங்காயம் உரிக்கும் கடை ஆள் வீரன் பலகைக்குப் பின்னால் பதுங்கினார். பாய் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. கை கரண்டியை நோக்கி நீண்டது. ஜெய்தூன் பீவி அந்தக் கையையே பார்த்தார். கை பாதியில் வழி மாறி உப்பு டப்பாவுக்குள் போனது. ஒரு பிடி விழுந்தது.

"இப்பப் பாரு."

"இன்னும் கொஞ்சம்."

போட்டார்.

"ம். அரிசியப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஜெய்தூன் பீவி கடையை ஒட்டிய வீட்டுக்குள் போனார்.

"கரிக்கப் போகுது சார்" என்று பாய் என் காதோடு முனகினார்.

கரிக்கவில்லை. பன்னிரண்டரைக்கே அண்டா காலி. ஒரு மணிக்கு, வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்து, எதிரே மனைவி பார்த்துக்கொண்டிருக்க, பாய் கீரைச் சோற்றைப் பிசைந்தார்.