தலைமாட்டு சுவிட்ச்

என் அக்கா மகள் ரக்ஷனா பாலிடெக்னிக்கில் சேர்ந்ததிலிருந்து அவர்களுடைய பிடோக் வீட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் பை நுழைய முடியாது. நான் தேக்காவில் பூக்கடை வைத்திருப்பவள். ஞாயிறுதோறும் அக்காவைப் பார்க்கப் போகும்போது பூவை வாழை இலையில் கட்டித்தான் கொண்டுபோவேன். இல்லாவிட்டால் வாசலிலேயே பாட்டு வாங்க வேண்டும். சாப்பாட்டுக் கடைக்கும் ரக்ஷனா எவர்சில்வர் டப்பாவோடுதான் போவாள். "ரெண்டு தோசைக்கு இவ்ளோ பெரிய டப்பாவா லா?" என்று கடைக்காரர் கிண்டல் செய்தாலும் அசையமாட்டாள். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

அக்கா குணமணிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. இடது கை மட்டும் அசையும். படுத்தே கிடப்பவளுக்கு முதுகில் புண் வரக்கூடாதென்று அத்தான் மாணிக்கம் காற்றுமெத்தை வாங்கிப் போட்டார். அதன் மோட்டார் ஒரு பக்கம் காற்றை ஏற்றி மறுபக்கம் இறக்கிக்கொண்டே இருக்கும். ஆள் வந்து மாட்டியபோது ரக்ஷனா வகுப்பில் இருந்தாள். மெத்தைதானே, அதைப் பற்றி என்ன விளக்குவது என்று அத்தானும் விட்டுவிட்டார்.

காலையில் கிளம்பும்போது வீட்டைச் சுற்றி வந்து எல்லா சுவிட்சையும் அணைப்பது ரக்ஷனாவின் வழக்கம். சும்மா சொருகி வைத்திருந்தாலே கரண்ட் வீணாம். டிவி, சார்ஜர், கடைசியாக அக்காவின் தலைமாட்டில் இருப்பது. மாலை வந்துதான் மறுபடி போடுவாள். அத்தான் இரவெல்லாம் துவாஸில் ஒரு கிடங்கைக் காவல் காத்துவிட்டு, மகள் போன பிறகு வந்து சேருவார். அக்காவுக்குக் கஞ்சி ஊட்டி, துணி மாற்றிவிட்டு, பக்கத்து அறையில் அடித்துப் போட்டதுபோல் தூங்குவார். மோட்டார் ஓடுகிறதா என்று கவனிக்கிற நிலையிலா அந்த மனுஷன் இருந்தார்? நான் போகும் ஞாயிற்றுக்கிழமையோ ரக்ஷனா வீட்டில் இருக்கும் நாள். மெத்தை நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் ஷமீமா ஒருநாள் அக்காவைப் புரட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டாளாம். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்த புண்.

"சிவந்து போயிருந்துச்சு. வேக்குருன்னு நெனச்சு பவுடர் போட்டேன்" என்றாராம் அத்தான்.

"மெத்தை ஏன் அங்கிள் ஓடல? சுவிட்ச் ஆஃப்ல இருக்கே" என்று ஷமீமா கேட்டாளாம். அன்றே அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புண்ணின் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது, மருந்து கேட்பதாகத் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னார்.

செய்தி கேட்டு நான் ஓடியபோது வார்டுக்கு வெளியே ரக்ஷனா சுவரோடு ஒட்டி நின்றாள்.

"ஒரு தடவ காத்தடிச்சா போதும்னு நெனச்சேன் சித்தி. கேம்ப்பிங் பெட் மாதிரி."

அவளே தொடர்ந்தாள்.

"நான் ஆஃப் பண்றப்பல்லாம் அம்மா கையத் தூக்கி ஆட்டுவாங்க. எவ்ரி மார்னிங். பை சொல்றாங்கன்னு நெனச்சு நானும் கையாட்டிட்டுப் போயிட்டேன்."

அவளை அறைய வேண்டும்போல் வந்தது. அத்தானை அறைய வேண்டும், மெத்தையை மாட்டிவிட்டுப் போனவனை அறைய வேண்டும். ஞாயிறு தவறாமல் பூவும் கையுமாகப் போய் உட்கார்ந்திருந்த என்னை என்ன செய்வது? அவளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

அக்கா கண் மூடிக் கிடந்தாள். பார்வையாளர் நேரம் முடிந்து நாங்கள் எழுந்தபோது கண்ணைத் திறந்தாள். இடது கையை மெல்லத் தூக்கி ஆட்டினாள்.

ரக்ஷனா பதறிப்போய்த் தலைமாட்டுக்கு ஓடினாள். சுவரில் இருந்த சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். மண்டி போட்டுக் கட்டிலுக்கு அடியிலும் பார்த்தாள்.

"எல்லாம் ஆன்லதான் இருக்கு சித்தி. எதக் காட்டுறாங்கன்னு தெரியலயே."

அக்காவின் கை நிற்கவில்லை. பார்வை மகள்மேலேயே இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

"ஒண்ணும் காட்டல" என்றேன். "நீயும் கையாட்டுடி."