பாரிஸ் சவர்க்காரம்

இரண்டு ஹோட்டல்களின் கிரெடிட் கார்டுகளில் எதை எடுக்கலாம் என்று பிரியந்தனிடம் கேட்டேன். என் நண்பன், கார்டு விஷயத்தில் புலி. தாளில் கோடு கிழித்து, வருடக் கட்டணம், செலவழிக்கச் சேரும் பொயின்ற்ஸ், அதற்கு ஹோட்டலில் கிடைக்கும் இலவச இரவுகள் என்று ஒப்பிட்டுக் காட்டினான்.

“உங்களுக்கு ரெண்டும் சரிவராது அண்ணை. நீங்கள் எங்க ஹோட்டலில தங்கப்போறியள்? வீண் செலவு.”

நம்பினேன். பிறகு என் மகள் லக்‌ஷிகாவின் கலியாணம் வந்தது. மண்டபம், சாப்பாடு, லண்டன் சவுத்தாலில் நகை என்று எல்லாவற்றுக்கும் ஓடித் திரிந்தான்.

“காசை என்னட்டத் தாங்கோ, நான் கார்டில கட்டிவிடுறன்.”

கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று நாங்கள் இருக்கும் சட்டன் முழுக்கச் சொல்லித் திரிந்தேன், மடையன்.

அடுத்த மாதம் அவன் மனைவி ரஜனி போனில் அழைத்தாள்.

“பாரிசில நாலு நாள் நிண்டனாங்கள் அண்ணை, ஹோட்டலுக்கு அஞ்சு சதம் செலவில்லை! லக்‌ஷிகான்ர கலியாணத்தில சேர்ந்த பொயின்ற்ஸ்தான். நீங்கள் கேட்ட ரெண்டு கார்டில ஒண்டை இவர் எடுத்தவரெல்லோ.”

ஞாயிற்றுக்கிழமை பிரியந்தன் வந்தான். ஹோட்டல் பெயர் பொறித்த இரண்டு சின்னச் சவர்க்காரங்களை மேசையில் வைத்தான்.

“உங்களுக்கெண்டு கொண்டுவந்தனான் அண்ணை.”

“இதுக்கும் காசை உன்னட்டத் தரவோ?” என்று கேட்டேன்.